நாணை விடும் கை

காம்பவுண்ட் வில்லில் நாணை விரல் தொடுவதே இல்லை. அம்பு பொருந்தும் இடத்துக்கு மேலும் கீழுமாக முடிச்சிட்டு, நாணில் சின்னதாக ஒரு கயிற்று வளையம் கட்டியிருக்கும். டி-லூப் என்பார்கள். கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் கருவியின் கொக்கியை அதில் மாட்டி இழுக்கிறோம், அந்தக் கருவியாலேயே விடுகிறோம். அதுதான் ரிலீஸ். புதிதாக வில் வாங்குகிறவர்கள் கேம் எப்படி, லிம்ப் எப்படி, ஸ்டெபிலைசர் எத்தனை இன்ச் என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ரிலீஸ் மட்டும் பில் போடும்போதுதான் நினைவுக்கு வரும். எனக்குச் சொல்லிக்கொடுக்கும் சார் இதைத் தலைகீழாகச் செய்கிறவர். வில்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கையைப் பார்ப்பார், விரல்களை மடக்கச் சொல்லிப் பார்ப்பார். “வில்லு எவ்வளவு நல்லதா இருந்தாலும் கடைசியா அம்பு கிளம்புற நேரத்துல வேலை செய்யறது உன் கைதாம்மா. அதுக்கு என்ன வேணும்னு முதல்ல தெரியட்டும்” என்றார்.

நான் ரிகர்வ் என்னும் வில்வகையிலிருந்து வந்தவள். அதில் தோல் டேப் மாட்டிய மூன்று விரல்களால் நாணை இழுத்து, விரல்களைத் தளர்த்தி விடுவோம். எவ்வளவு நேர்த்தியாக விட்டாலும் நாண் விரல் நுனியைச் சுற்றிக்கொண்டுதான் போகும். போகும்போது கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளப்படும், அம்பு வளைந்து நெளிந்து கிளம்பும். ரிகர்வ் வில் 66, 68, 70 இன்ச் நீளம் என்பதால் முழுதாக இழுத்தபோதும் நாண் விரல்களை அவ்வளவாக நெரிக்காது. காம்பவுண்டில் ஓர் அச்சிலிருந்து மறு அச்சுக்கு நீளமே டார்கெட் வில்களில் 36 முதல் 40 இன்ச் வரைதான். முழுதாக இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடிந்துவிடும், மூன்று விரலுக்கு அங்கே இடம் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. வில்லின் முனைகளிலுள்ள கேம் என்னும் சக்கரங்கள் உருண்டு முடிந்ததும் இழுவிசையில் பெரும்பகுதி கையை விட்டு இறங்கிவிடுகிறது. என் வில் 50 பவுண்ட், லெட்-ஆஃப் 70 சதவீதம். நின்று குறி பார்க்கும்போது நான் தாங்குவது 15 பவுண்ட்தான். அவ்வளவு லேசாக நிற்கும் நாணை விரல் ஒரு நூலளவு பக்கவாட்டில் இழுத்தாலும் அம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

கேம் வைத்த வில்லுக்கு அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. ஆனால் நாணுக்கும் சதைக்கும் நடுவில் ஒரு கருவியை வைக்கும் யோசனை அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. மங்கோலியர், துருக்கியர், கொரியர் எல்லோரும் கட்டைவிரலில் மோதிரம் மாட்டித்தான் நாணை இழுத்தார்கள். முகலாயர் காலத்துப் பச்சைக்கல் மோதிரங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படத்தில் பார்த்தாலே தெரியும், மோதிரத்தின் ஒரு பக்கம் நாக்கு போல நீண்டிருக்கும். நாண் வழுக்கிப் போவதற்கான விளிம்பு அது.

இன்றைய விதி எளிமையானது. ரிலீஸ் எந்த வகையிலும் வில்லோடு இணைந்திருக்கக் கூடாது; மின்சாரமோ மின்னணுவோ அதில் கூடாது. மற்றபடி என்ன பொறிநுட்பம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தாராளம்தான் ஷீத்தல் தேவிக்கு வழிவிட்டது. கைகள் இல்லாமல் பிறந்த அந்த ஜம்மு காஷ்மீர்ப் பெண் காலால் வில்லைப் பிடித்து, தோளில் பூட்டிய ரிலீஸால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார். அவர் எய்யும் காணொளியை சார் எங்களுக்கு மெதுவாக ஓட்டிக் காட்டினார். எந்த உறுப்பு விடுகிறது என்பது முக்கியமே இல்லை, விடும்போது மற்ற உடம்பு எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றார்.

சார் முதலில் கையில் கொடுத்தது ஒரு கயிறு. டி-லூப் கட்டும் நூல்தான், கொஞ்சம் நீளமாக வெட்டி, என் டிரா லென்த்துக்கு, அதாவது நான் நாணை இழுக்கும் நீளத்துக்கு, சரியாக வளையமாக முடிந்தது. வளையத்தின் ஒரு முனையை இடது கையின் கட்டைவிரல் சந்தில் வைத்து வில்லைப் பிடிப்பது போல நீட்டவேண்டும். மறுமுனையில் ரிலீஸை மாட்டி, இழுத்து, தாடையில் ஏங்கர் வைத்து, அதாவது கையை அங்கே பதித்து, விடவேண்டும். விட்டதும் இரண்டு கையும் எதிரெதிர்ப் பக்கம் போகும். வில் இல்லை, அம்பு இல்லை, யாருக்கும் அடிபடாது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். சாரிடம் பழைய ரிலீஸ்கள் நிறைந்த டப்பா ஒன்று உண்டு. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்யவைத்தார்.

மணிக்கட்டில் பட்டை கட்டி, ஆள்காட்டி விரலால் டிரிக்கரை இழுக்கும் வகையைத்தான் எல்லோரும் முதலில் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். மரத்தில் ஏறி உட்காரும்போது கீழே விழாது, இழுவை மணிக்கட்டில் விழுவதால் விரல்களுக்குக் களைப்பில்லை, விலையும் குறைவு. டார்கெட்டுக்கு இது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஆள்காட்டி விரல்தான் நம் சொல் பேச்சைத் துரிதமாகக் கேட்கும் விரல். குறியின் நடுவிலுள்ள மஞ்சளில் ஸ்கோப்பின் புள்ளி பட்டதும் “இப்போ!” என்று மூளை சொல்வதற்குள் அது இழுத்துவிடும். பட்டையை ஓர் ஓட்டை இறுக்கிக் கட்டினாலே டிரா லென்த் மாறிவிடும் என்பது இன்னொரு தொல்லை.

அந்த “இப்போ!”தான் காம்பவுண்ட்காரர்களின் பெரிய எதிரி. 50 மீட்டரில் நாம் பார்ப்பது 80 செ.மீ. ஃபேஸ் என்னும் குறித்தாள், அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. ஸ்கோப்பின் பெரிதாக்கும் கண்ணாடிக்குள் நம் புள்ளி அந்த வட்டத்தின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். யாருக்கும் அசையாமல் நிற்பதில்லை. நடுவுக்கு வந்ததும் அவசரமாக விட்டுவிடலாம் என்று நினைத்த நொடியில், வெடிக்கப்போகிறது என்று உடம்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. வில் பிடித்த கை ஒரு நொடிப் பகுதி முன்பே இறங்குகிறது, தோள் சுருங்குகிறது. இது முற்றினால் டார்கெட் பேனிக் என்கிறார்கள். புள்ளியை மஞ்சளுக்குள் கொண்டுவரவே முடியாமல் சிவப்பிலேயே உறைந்து நிற்பவர்கள் உண்டு. இழுத்து முடிக்கும் முன்பே டிரிக்கரைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. எப்போது விடுபடும் என்று உடம்புக்குத் தெரியாமல் இருந்தால் புள்ளி ஆடினாலும் அம்புகள் நடுவைச் சுற்றியே போய்ச் சேரும். ரிலீஸ் வகைகள் எல்லாமே இந்த ஒரு தேவைக்குப் பலர் பல விதமாகக் கண்டுபிடித்த பதில்கள்.

ஹிஞ்ச் என்பது அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பதில். அதில் டிரிக்கரே கிடையாது. பிடியின் தலைப்பகுதியில் அரைவட்டமாக ஒரு சின்ன எஃகுத் துண்டு இருக்கும், பிறை என்பேன் அதை. கொக்கியின் அடிப்பாகம் அந்தப் பிறையின் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிடி கைக்குள் மெல்லச் சுழலச் சுழல, கொக்கி பிறையின் மேல் நகர்ந்துகொண்டே போய், விளிம்பு முடிந்த இடத்தில் வழுக்கி விழும். அவ்வளவுதான், அம்பு போய்விட்டது. இழுக்கும்போது கட்டைவிரலை அதற்கான ஆணியில் அழுத்தி, பாரத்தை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொள்வோம், பிடி சுழலாது. ஏங்கர் வைத்து, நாணில் செருகிய பீப் என்னும் சின்னத் துளை வழியாக ஸ்கோப் தெரிந்ததும், கட்டைவிரலை எடுக்கிறோம். பிறகு ஆள்காட்டி விரலைத் தளர்த்துகிறோம், பாரம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிறது. முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டே இருந்தால் பிடி தானாகத் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பல் அது. சில பிறைகளில் விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கொக்கி அதைத் தாண்டும்போது ‘கிளிக்’ என்று விரலுக்கும் காதுக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அர்த்தம். சிலருக்கு அந்தக் கிளிக் நிம்மதி. எனக்கு அதைக் கேட்டதும் மூச்சு ஒரு கணம் நின்றுவிடுவதை சார் பார்த்துவிட்டார், கிளிக் இல்லாத பக்கம் பிறையைத் திருப்பிப் போட்டுக்கொடுத்தார்.

கயிறு எவ்வளவு அவசியம் என்பது ஹிஞ்சில்தான் விளங்கும். இழுக்கும் பாதியில் ஆள்காட்டி விரல் தளர்ந்தால் அங்கேயே கொக்கி விழுந்துவிடும். நிஜ வில்லில் அப்படி நடந்தால், முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்த கை நேராக வந்து முகத்தில் அறையும். அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் சார் வைத்த வரிசை மாறவே மாறாது. முதலில் கயிறு, அதிலேயே இழுக்கும்போது ஒரு தடவைகூட விழாமல் வரும் வரை. அடுத்து இழுவிசை குறைத்த வில்லில், ஃபேஸ் ஒட்டாத பட் (அம்பு தைக்கும் பலகை) முன்னால் சில அடி தூரத்தில் நின்று, முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு மூடிக்கொண்டு. அதன் பிறகுதான் தூரம்.

பிடிப்பது எப்படி என்பதைச் சொல்ல சார் ஒரே ஓர் உவமைதான் வைத்திருக்கிறார்: தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிப்போகும்போது விரல்கள் எப்படி இருக்குமோ அப்படி. விரல்கள் கொக்கியாக வளைந்திருக்கும், புறங்கை தட்டையாக இருக்கும், மணிக்கட்டில் இறுக்கம் இருக்காது. வாளியை யாரும் முஷ்டி பிடித்துத் தூக்குவதில்லை. முஷ்டி பிடித்தால் முன்கைத் தசை இறுகும், அது இறுகினால் முதுகால் இழுக்க முடியாது. ஹிஞ்சில் இது உடனே தெரியும், முஷ்டி பிடித்தவருக்கு அது சுழலவே சுழலாது. நின்று நின்று கை நடுங்கத் தொடங்கும்.

இன்னொரு வகை இழுவிசையால் இயங்குவது. டென்ஷன் ரிலீஸ் என்றோ ரெசிஸ்டன்ஸ் என்றோ சொல்வார்கள். இழுக்கும்போது கட்டைவிரலால் சேஃப்டியை அழுத்திக்கொள்ளவேண்டும். ஏங்கர் வைத்ததும் அதை மெல்ல விடவேண்டும். பிறகு கேம் முட்டி நிற்கும் ‘சுவரை’ எதிர்த்து இழுத்துக்கொண்டே போனால், நாம் திருகி வைத்த அளவை இழுவிசை தாண்டியதும் கொக்கி திறக்கும். நான் தாங்குவது 15 பவுண்ட் என்றால் 18, 19 பவுண்டில் திறக்கும்படி வைக்கலாம். முதலில் அதைவிடக் கடினமாக வைத்து, பட் பக்கத்தில் நின்று சோதித்து, ஆலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். லேசாக வைத்துத் தொடங்கினால் சேஃப்டியை விட்ட கணமே அம்பு பறந்துவிடும். முதுகால் இழுப்பது என்றால் என்ன என்று புரியாதவர்களுக்கு இதைப்போல நல்ல ஆசிரியர் இல்லை. இழுப்பதை நிறுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆனால் சுவர் கெட்டியாக இருக்கும் வில்லில்தான் இது நன்றாக வேலைசெய்யும். லிம்பில் முட்டும் ஸ்டாப் உள்ள வில்களில் சுவர் கல் போல இருக்கும், கேபிளில் முட்டுபவற்றில் கொஞ்சம் நெகிழும். நெகிழும் சுவரில் எவ்வளவு இழுத்தோம் என்பது கைக்கே பிடிபடாது. வில்லின் பவுண்டேஜையோ லெட்-ஆஃபையோ மாற்றினால் இதையும் மறுபடி திருகவேண்டும். கயிற்றில் இதைப் பழகும்போது கயிறு கெட்டியான சுவராகவே இருப்பதால் நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

தம்ப் பட்டன் கடைசியில் வந்தது. பெரிய போட்டிகளில் ஹிஞ்சும் இதுவும்தான் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. பிடியிலிருந்து ஒரு சின்ன உருளை நீண்டிருக்கும், கட்டைவிரல் அதைத் தொட்டால் கொக்கி திறக்கும். டிரிக்கர் எவ்வளவு அழுத்தத்தில் இயங்கவேண்டும், எவ்வளவு தூரம் நகரவேண்டும் என்பதையெல்லாம் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களால் மாற்றலாம். இதை அவசரமாகத் தட்டவும் முடியும், நிதானமாக விடவும் முடியும், அதனால்தான் சார் இதைக் கடைசிக்கு வைத்திருந்தார். உருளையைக் கட்டைவிரல் நுனியில் வைக்கக் கூடாது. நுனிக்கு உணர்வு அதிகம், அவசரமும் அதிகம். விரலின் அடிப்பகுதியில், சந்துக்குப் பக்கத்தில் பதியும்படி உருளையை நகர்த்திப் பூட்டினோம். அழுத்தத்தை நான் எதிர்பார்த்ததைவிடக் கனமாக வைத்தார். “லேசா வச்சா பயந்துக்கிட்டே பக்கத்துல போவே. கனமா இருந்தா தைரியமா விரலைச் சுத்திப் போட்டுட்டு இழுக்கலாம்” என்றார். இப்போது கட்டைவிரல் உருளையைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது, முழங்கை பின்னால் போகும்போது கை நீண்டு அதுவாக அழுத்தப்படுகிறது. ஹிஞ்சில் கற்றதை அப்படியே இதில் போடமுடிந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் எது வாங்குவது என்ற பேச்சு. சாரின் வரிசையில் பிடி முதலில், விசை அதற்கு அடுத்தது, பிராண்ட் கடைசி. நான் இதை முழு மனதாக ஏற்றுக்கொண்டேன். ஒரே வகை ரிலீஸ் மூன்று, நான்கு அளவுகளில் வருகிறது. விரல்களுக்கான பள்ளங்கள் சிலவற்றில் நேராக, சிலவற்றில் சாய்வாக இருக்கும். பெரிய பிடி என் கையில் மணிக்கட்டை மடக்கவைத்தது. இழுத்து முடித்த பின் விரல்களில் பதிந்த தடத்தைப் பார்க்கச் சொன்னார். முதல், இரண்டாம் கணுக்களுக்கு நடுவில் மூன்று விரலிலும் ஒரே ஆழத்தில் கோடு விழுந்தால் அளவு சரி. ஒரு விரலில் மட்டும் ஆழமாகச் சிவந்தால் பாரம் முழுக்க அங்கேதான் போகிறது. பித்தளைப் பிடி கனமானது, கையைக் கீழே இழுத்து நிலைநிறுத்துகிறது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. அலுமினியத்தில் என் விரல்கள் காரணமில்லாமல் இறுகின. சென்னை வெயிலில் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும், வழவழப்பான பாலிஷ் உள்ளதை அதனாலேயே ஒதுக்கினேன். பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு மெல்லிய கயிறு கட்டுவதும் நல்ல பழக்கம், விட்ட வேகத்தில் ரிலீஸ் பின்னால் பறந்துபோகாது.

நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் அமெரிக்காவிலேயே 200 டாலருக்கு மேல் ஆகிவிடும். கார்ட்டர், ஸ்டான், ட்ரூ பால், ஸ்காட் என்று பெயர்கள் அடிபடும், எல்லாம் அங்கிருந்து வருபவை. இங்கே கடையில் போய் நான்கை எடுத்துப் பிடித்துப் பார்க்கும் வசதி அநேகமாக இல்லை. அதனால் கிளப்பில் யாரிடம் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கி, கயிற்றில் இழுத்துப் பார்ப்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே ஷோரூம். வில்வித்தைக்காரர்கள் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். சாம்பியன் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்து வாங்குவது நம் பிள்ளைகளிடம் அதிகம். 2023-ல் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆண்களில் ஓஜஸ் தேவ்தளே இறுதிப்போட்டியில் 150-க்கு 150 எய்தார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாகக் காம்பவுண்ட் நுழையப்போகிறது. இந்த உற்சாகத்தில் நிறையப் பேர் வருகிறார்கள், வரட்டும். ஆனால் சாம்பியன்கள் கையில் இருப்பது அவர்கள் கைக்காகத் திருகி வைத்தது. அந்த மாடலை வாங்கலாம், அந்தத் திருகலை வாங்க முடியாது.

நான் தேர்ந்தெடுத்தது மூன்று விரல் பித்தளை தம்ப் பட்டன். சாருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அவர் போட்டியிலும் ஹிஞ்சிலேயே எய்கிறவர். என் நியாயம் இது: மாறி மாறி எய்யும் நேருக்கு நேர் போட்டியில் ஓர் அம்புக்கு 20 நொடிதான். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் புள்ளி ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும், அது திரும்பி வரும்வரை பொறுத்து, அப்போது இழுக்கத் தொடங்க எனக்கு ஒரு பிடிமானம் வேண்டும். தம்ப் பட்டனில் அப்படிப் பொறுப்பது சுலபம். இழுத்ததை இறக்கி மறுபடி தொடங்குவதும் ஆபத்தில்லாமல் முடிகிறது. அதற்கு விலையாக, பயிற்சியின் முதல் பாதியை இன்றும் ஹிஞ்சில்தான் எய்கிறேன். அது இல்லாமல் சில வாரம் போனால் கட்டைவிரல் மறுபடி பழைய அவசரத்துக்குப் போய்விடும் என்று சார் சொல்கிறார், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றி எய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டிலும் கொக்கியிலிருந்து பிடி வரையிலான நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் ஏங்கர் தாடையில் வேறிடத்தில் உட்காரும், பீப் கண்ணுக்கு நேரே வராது, 50 மீட்டரில் அம்பு மேலேயோ கீழேயோ போகும். என் ஹிஞ்ச் கொஞ்சம் குட்டை. அதனால் டி-லூப்பையே இரண்டுக்கும் நடுவாக ஒரு நீளத்தில் கட்டி, பீப்பைச் சரிசெய்தோம். இப்போது கிளப்பில் டி-லூப் கட்டுவது என் வேலையாகிவிட்டது: நூலை வெட்டி, லைட்டரில் முனையை உருக்கிச் சின்னக் குமிழ் ஆக்கி, அம்பு பொருந்தும் இடத்துக்கு மேலே ஒரு முடிச்சும் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு முடிச்சும் போட்டு, பிளையரால் விரித்து இழுத்து இறுக்குவது. அரை சென்டிமீட்டர் கூடினால்கூட வில்லின் சொந்தக்காரர் உணர்ந்துவிடுவார்.

திருகி முடித்த அன்று ஸ்க்ரூ தலைகளின் குறுக்கே வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு பிசகியிருப்பது பார்த்ததும் தெரியும். பேக்கில் ஆலன் கீயும் அளவு எழுதிய சீட்டும் இருக்கின்றன. போட்டிக்குப் போகிறவர் பையில் அதே மாடலில், அதே அளவில் திருகிய இரண்டாவது ரிலீஸ் ஒன்று இருக்கவேண்டும். அதற்குத்தான் இப்போது பணம் சேர்க்கிறேன்.